கடலுக்குள் ஒரு கோபுரம்

பசிபிக் பெருங்கடலின் நடுவே, சாலை முடிகிற இடத்தில் இருக்கிறது தெயாஹுபோ. பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டி அந்தச் சின்னக் கிராமத்துக்கு வந்தபோது, ஏறத்தாழ ஓராண்டு அது உலகச் செய்தியானது. 2023 அக்டோபரில் தொடங்கி 2024 ஆகஸ்டில் தங்கப் பதக்கத்தோடு முடிந்த அந்த ஆண்டில் ஊர் கேட்டது என்ன, கிடைத்தது என்ன, போனது என்ன?

2023 டிசம்பர் 1, வெள்ளிக்கிழமை. தஹித்தித் தீவின் தென்கோடிக் காயலில் ஒரு பார்ஜ் மெதுவாக நகர்கிறது. கனமான எந்திரங்களை ஏற்றிச் செல்வதற்கான தட்டையான மிதவைக் கலம் அது. அன்றைய பயணம் வெறும் ஒத்திகை. கரையிலிருந்து பவளத்திட்டு வரை, ஆழமில்லாத அந்தக் காயல் நீரில், பவளத்தைத் தொடாமல் போய்ச் சேர முடியுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். முடியவில்லை. பார்ஜ் பவளத்தில் மோதிச் சிக்கியது. உயிரோடிருந்த பவளம் நொறுங்கியது. ஒடிந்து கிடந்த துண்டுகளை ஊர்க்காரர்கள் நீருக்கடியில் படம் பிடித்தார்கள். ஒருசில நாட்களில் அந்தக் காட்சி உலகின் எல்லா மூலைகளுக்கும் போய்விட்டது.

இப்படித்தான் ஆகும் என்று அதற்கு முந்தைய இரண்டு மாதங்களாக அந்த ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. காயலில் எங்கே எவ்வளவு ஆழம், ஏற்றத்தில் எந்த வழியாகப் படகு போகும், வற்றத்தில் எது தரைதட்டும் என்பதெல்லாம் அங்கே மீன் பிடிப்பவர்களுக்கும் அலையேறுபவர்களுக்கும் உள்ளங்கை ரேகை. அவர்கள் சொன்னதை ஒரு பார்ஜைக் கொண்டுவந்து மோதித்தான் சரிபார்க்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

சாலை முடியும் ஊர்

பிரான்சின் கடல்கடந்த ஆட்சிப்பகுதியான பிரெஞ்சு பாலினேசியாவின் மிகப் பெரிய தீவு தஹித்தி. தலைநகர் பப்பீத்தேயிலிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல் கடலோரமாகவே போனால் தெயாஹுபோ வரும். அதற்கப்பால் தார்ச்சாலை கிடையாது. பச்சை மலைகள் நேராகக் கடலில் இறங்குகின்றன. மக்கள்தொகை சுமார் 1,500. விடுதி என்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறிய குடும்பத் தங்குமிடங்கள், தேவாலயம், பள்ளிக்கூடம், படகுகள்.

இந்த ஊர் உலகுக்குத் தெரிந்தது கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி எழும் அலையால்தான். மலையிலிருந்து இறங்கும் ஆற்றின் நன்னீர் கடலில் கலக்கிற இடத்தில் பவளம் வளர்வதில்லை. அதனால் தீவைச் சுற்றியுள்ள பவளச் சுவரில் அங்கே ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஹவாயே என்பது அதன் பெயர். அந்த வாசலின் ஓரத்துப் பவளத்திட்டில்தான் அலை உடைகிறது.

நம் கடற்கரைகளில் பெரும்பாலும் அடியில் மணல். ஆழம் மெல்லக் குறையும்; அலையும் வேகத்தை மெல்ல இழந்துகொண்டேதான் கரைக்கு வரும். தெயாஹுபோவில் அந்த அவகாசம் இல்லை. அண்டார்டிக்காவைச் சூழ்ந்த தென்கடலில் புயல்கள் கிளப்பிவிடும் அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஆழ்கடலில் தடையில்லாமல் வந்து, செங்குத்தாக எழும் பவளத்திட்டில் திடீரென முட்டுகிறது. சில இடங்களில் பவளத்துக்கு மேல் இருக்கும் நீர் ஒரு மீட்டருக்கும் குறைவு. முட்டிய அலை உயர்வதைவிடத் தடிக்கிறது. முன்னால் இருக்கும் நீரை உறிஞ்சிக்கொண்டு குழலாகச் சுருள்கிறது. அந்தக் குழலுக்குள் புகுந்து வெளியே வருபவருக்குத்தான் மதிப்பெண். தவறி விழுந்தால் கீழே காத்திருப்பது கூரிய பவளம். உயிர்களையும் பறித்த அலை இது.

[பெட்டிச் செய்தி: அலையும் ஆட்களும்]
● அலைக்காலம்: தென்கடலில் குளிர்காலமான மே முதல் ஆகஸ்ட் வரை தெயாஹுபோ அலை உச்சத்தில் இருக்கும்.
● 2000 ஆகஸ்ட் 17: ஹவாய் வீரர் லேர்ட் ஹாமில்டன் இங்கே ஏறிய ராட்சத அலையின் படம், அலைச்சறுக்கு உலகத்தின் எல்லைகளை மாற்றியது.
● பெண்கள்: தொழில்முறை வீரர்கள் மோதும் உலகத் தொடரின் பெண்கள் போட்டி 2006க்குப் பிறகு இங்கே நடக்கவில்லை. 2022ல்தான் திரும்பியது.
● ரஹுயி: 2014 முதல் தெயாஹுபோவின் கடற்பகுதி ஒன்றில் மீன்பிடிக்கத் தடை. நம் மீனவர் பஞ்சாயத்துகள் சில வலைகளுக்குத் தடை போடுவதுபோல, இது பாலினேசிய மரபில் வந்த கட்டுப்பாடு.

பாரிஸில் எடுத்த முடிவு

ஒலிம்பிக்கில் அலைச்சறுக்கு முதன்முதலாக நடந்தது டோக்கியோவில். அடுத்து பாரிஸ் என்றதும், பிரான்சின் அட்லாண்டிக் கரையில் பியாரிட்ஸ், லகானோ போன்ற ஊர்கள் போட்டியை நடத்த வரிசையில் நின்றன. 2019 டிசம்பரில் பாரிஸ் ஏற்பாட்டுக் குழு அவற்றையெல்லாம் தள்ளிவிட்டு, 15,700 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் தெயாஹுபோவைத் தேர்ந்தது. பதக்கப் போட்டி ஒன்று ஒலிம்பிக் நகரத்திலிருந்து இவ்வளவு தூரத்தில் நடந்ததே இல்லை. 1956ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஸ்டாக்ஹோமில் நடந்ததுதான் அதுவரை உச்சம்.

விளையாட்டு என்று மட்டும் பார்த்தால் தேர்வில் குறை சொல்ல முடியாது. ஜூலை, ஆகஸ்டில் பிரான்சின் கரையில் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். தெயாஹுபோவில் அப்போதுதான் அலை உச்சத்தில் இருக்கும். ஊரும் போட்டியை வெறுக்கவில்லை. ஆண்டுதோறும் உலகத் தொடரை நடத்திப் பழகிய ஊர் அது. வீரர்கள் ஊர்க் குடும்பங்களின் வீடுகளிலேயே தங்கி, அவர்களோடு மீன் தின்று வளர்ந்த உறவு அது. ஊரின் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: வந்தால் வா, ஊரை மாற்றாதே.

அந்த நிபந்தனை ஒருபக்கம் காப்பாற்றப்பட்டது. வீரர்களுக்காகப் புதிய குடியிருப்பு எதுவும் கட்டப்படவில்லை. மார்க்கெசாஸ் தீவுகளுக்குச் சரக்கும் பயணிகளும் ஏற்றிச் செல்லும் 'அரனுயி 5' கப்பலே அவர்களின் ஒலிம்பிக் கிராமம் ஆனது. மிதக்கும் ஒலிம்பிக் கிராமம் என்பது அதுவே முதல்முறை. நிபந்தனை உடைந்தது நடுவர் கோபுரத்தில்.

மரமா, அலுமினியமா?

அலை உடையும் இடம் கரையிலிருந்து தூரம் என்பதால் நடுவர்கள் கடலுக்குள்ளேயே உட்கார வேண்டும். அதற்காக ஒவ்வோர் ஆண்டும் போட்டிக்கு முன் பவளத்திட்டின் மேல் மரத்தால் ஒரு கோபுரம் எழுப்பி, போட்டி முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். சுமார் இருபது ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. ஒலிம்பிக் நெருங்கியதும், பழைய அடித்தளம் பாதுகாப்பு விதிகளுக்குள் வராது, அதற்குச் சான்றளிக்க முடியாது என்று அதிகாரிகள் சொன்னார்கள். புதிய திட்டம் வந்தது. மூன்று தளங்கள், அலுமினியச் சட்டம், 14 டன் எடை, 40 பேருக்கு இடம், குளிரூட்டிய கணினி அறை, கழிப்பறை, கரையிலிருந்து கடலடியாக வரும் குழாய்கள். செலவு ஏறத்தாழ 50 லட்சம் டாலர். அடித்தளத்துக்காகப் பவளத்திட்டில் புதிதாகத் துளையிட வேண்டும். துளையிடும் எந்திரம் வர பார்ஜ் வேண்டும். பார்ஜ் வரக் காயலில் வழி வேண்டும்.

2023 அக்டோபரில் ஊர் தெருவுக்கு வந்தது. மலர்மாலையும் படகுத் துடுப்பும் பதாகையுமாக நூற்றுக்கணக்கானோர் நடந்தார்கள். 'வாய் ஆரா ஓ தெயாஹுபோ' என்ற உள்ளூர்ச் சங்கமும், அந்த அலையிலேயே வளர்ந்த வீரர் மத்தாஹி ட்ரொல்லேயும் போராட்டத்தின் முகங்களானார்கள். இணையத்தில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள்.

அலைச்சறுக்கு ரசிகர்களின் உணர்ச்சிவேகம் என்று இதைச் சிலர் அப்போது ஒதுக்கினார்கள். ஊர் முன்வைத்த வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

முதல் வாதம் சோறு சம்பந்தப்பட்டது. பவளம் செத்து, அதன்மேல் பாசி படரும் இடங்களில் நுண்ணிய ஒரு பாசியினம் பெருகலாம். அதில் ஒரு நச்சு இருக்கிறது. பாசியை மேயும் சின்ன மீனின் உடலில் அது சேரும். அந்த மீனைத் தின்னும் பெரிய மீனில் இன்னும் கூடுதலாகச் சேரும். கடைசியில் மனிதனின் தட்டுக்கு வரும். சிகுவாத்தெரா என்ற நோய் இது. வாந்தி, வயிற்றுப்போக்கு, கைகால் மரத்துப்போதல், குளிர்ந்த நீரைத் தொட்டால் சுடுவதுபோன்ற உணர்வு எனப் படுத்தி எடுக்கும். மீனைச் சமைத்தாலும் உறைய வைத்தாலும் நச்சு போகாது. பார்த்தும் முகர்ந்தும் கண்டுபிடிக்க முடியாது. பிரெஞ்சு பாலினேசியா இந்த நோயை நன்றாக அறிந்த நாடு. காயல் மீனை நம்பி வாழும் குடும்பத்துக்குப் பவளம் உடைவது என்பது அடுப்பங்கரைச் செய்தி.

இரண்டாவது, அலை. பவளத்திட்டின் வடிவம்தான் அலையின் வடிவம். திட்டில் எங்கே துளையிட்டால், எங்கே விரிசல் விட்டால் அலை எப்படி மாறும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. ஊரின் பெயரும் வருமானமும் அந்த ஓர் அலையில் இருக்கின்றன.

மூன்றாவதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். தன் கடலில் ஒரு பகுதியில் தானே மீன்பிடிக்காமல் ஒதுங்கியிருந்து, மீன் பெருகக் காத்திருக்கும் ஊர் இது. ரஹுயி என்ற அந்தக் கட்டுப்பாட்டுக்காக வீட்டுக்கு வீடு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம், சில நாள் போட்டிக்காகப் பவளத்தில் கொஞ்சம் சேதம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று யாரும் சொல்லக் கூடாது.

பழைய காயம்

கோபுரத்தின் எடையையும் செலவையும் மட்டும் வைத்து இந்தக் கோபத்தை அளக்க முடியாது. 1966 முதல் 1996 வரை, பிரெஞ்சு பாலினேசியாவின் மொருரோவா, ஃபங்கத்தாவுஃபா பவளத்தீவுகளில் பிரான்ஸ் 193 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. அவற்றில் 46 திறந்த வானில். 1974 ஜூலை 17 அன்று வெடித்த 'சென்டார்' சோதனையின் கதிர்வீச்சு மேகம் தஹித்திவரை வந்தது. ஆபத்து இல்லை என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். அந்தச் சோதனைகளுக்காகப் பாலினேசியாவுக்கு பிரான்ஸ் கடன்பட்டிருக்கிறது என்று அதிபர் மக்ரோன் 2021ல் பப்பீத்தேயில் ஒப்புக்கொண்டார்.

பவளத்தீவுகளுக்குள் துளையிட்டு அணுகுண்டு வெடித்த அரசின் தலைநகரிலிருந்து, பவளத்திட்டில் துளையிட ஒரு திட்டம் வருகிறது. பாதிப்பு மிகக் குறைவு என்று நிபுணர்கள் உறுதியளிக்கிறார்கள். இதைக் கேட்கும் ஒரு தஹித்திப் பாட்டிக்கு என்ன தோன்றும்? இரண்டும் ஒன்றல்ல என்பது ஊருக்கும் தெரியும். ஆனால் உறுதிமொழிகளைச் சும்மா ஏற்றுக்கொள்ளாத பழக்கத்தை அந்த மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த முப்பது ஆண்டுகள்.

அரசியலும் இதில் பின்னிக் கிடந்தது. 2023 மே மாதம்தான் விடுதலை ஆதரவுக் கட்சியான தவினியைச் சேர்ந்த மோயெத்தாய் ப்ரதர்சன் பிரெஞ்சு பாலினேசியாவின் அதிபரானார். ஒலிம்பிக் அவருக்கு முந்தைய ஆட்சியின் வாக்குறுதி. போட்டியை இழந்தால் தீவுகளின் பெயர் கெடும். கோபுரத்தை எழுப்பினால் சொந்த மக்கள் கோபப்படுவார்கள். போட்டியை தஹாருவு கடற்கரைக்கு மாற்றலாமா என்றுகூட அவர் ஒரு கட்டத்தில் யோசித்தார். நவம்பரில் திட்டம் சுருங்கியது. எடை 14 டன்னிலிருந்து 9 டன்னாகவும், ஆட்களின் எண்ணிக்கை 40லிருந்து 25 அல்லது 30 ஆகவும் குறைந்தன. பரப்பும் குறைந்தது. போராட்டத்தின் முதல் வெற்றி அது. துளையிடும் வேலை மட்டும் மாறவில்லை. அடுத்த சில வாரங்களில் பார்ஜ் பவளத்தில் மோதியது.

மோதலுக்குப் பிறகு

வேலை நிறுத்தப்பட்டது. அதன்பின் நடந்த ஒன்று போதுமான கவனம் பெறவில்லை. கோபுரமே வேண்டாம் என்று ஒரு யோசனை டிசம்பரில் வந்தது. சொன்னது சர்வதேச அலைச்சறுக்குச் சங்கம், அதாவது அந்த விளையாட்டின் உலக அமைப்பே. கரையிலிருந்தும் நீரிலிருந்தும் ட்ரோனிலிருந்தும் நேரலையாகப் படமெடுத்து, நடுவர்கள் வேறிடத்தில் உட்கார்ந்து மதிப்பெண் போடலாம் என்றது. உள்ளூர் அரசும் ஏற்பாட்டாளர்களும் அந்த வழியில் போகவில்லை. மாற்றுப் பாதையும் சிறிய பார்ஜுமாக வேலை மீண்டும் தொடங்கியது. அடுத்த மே மாதம் உலகத் தொடர் வருவதற்குள் கோபுரம் தயாராகிவிட்டது.

என் கருத்தில் இந்த ஆண்டின் பெரிய தவறு இதுதான். மரக் கோபுரம் பாதுகாப்பாக இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். கடல் நடுவே மனிதர்களை உட்காரவைக்கும்போது பாதுகாப்பில் சமரசம் கூடாது. ஆனால் பாதுகாப்புக்கு ஆட்களைக் குறைப்பது, தொலைவிலிருந்து மதிப்பிடுவது, பழைய அடித்தளத்தை வலுப்படுத்துவது என்று வழிகள் இருந்தபோது, பவளத்தில் துளையிடும் வழி முதலிலேயே மேசையில் வைக்கப்பட்டது. மற்ற வழிகள் ஊர் கத்திய பிறகுதான் பேச்சுக்கு வந்தன. வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

அதே காலத்தில் ஊர்க்காரர்கள் கையில் அறிவியலையும் எடுத்தார்கள். ஹவாயைச் சேர்ந்த 'மெகா லேப்' என்ற ஆய்வுக் குழுவோடு சேர்ந்து பவளத்திட்டை முப்பரிமாணப் படமாக்கினார்கள். திட்டத்தால் ஏற்படக்கூடிய சேதத்தின் மதிப்பு 13 லட்சம் டாலர் வரை போகலாம் என்று அந்தக் குழு கணக்கிட்டது. தொகையைவிட அந்தப் படம் பெரிது. கட்டுமானத்துக்கு முன் பவளம் எப்படி இருந்தது என்பதற்கு ஊரின் கையிலேயே இப்போது ஒரு சான்று இருக்கிறது. பிறகு யாரும் 'இது முன்பே உடைந்திருந்தது' என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

[பெட்டிச் செய்தி: ஓராண்டின் நாட்காட்டி]
2023 அக்டோபர்: ஊர்வலம், கையெழுத்து இயக்கம்.
2023 நவம்பர்: கோபுரம் 14 டன்னிலிருந்து 9 டன்னாகச் சுருங்குகிறது.
2023 டிசம்பர் 1: ஒத்திகைக்கு வந்த பார்ஜ் பவளத்தை உடைக்கிறது.
2024 மே: புதிய கோபுரத்துடன் உலகத் தொடர். வாஹினே ஃபியரோ வெற்றி.
2024 ஜூலை 27 முதல் ஆகஸ்ட் 5 வரை: ஒலிம்பிக். ஆண்கள் 24, பெண்கள் 24.
2024 ஆகஸ்ட் 5: கவுலி வாஸ்டுக்குத் தங்கம்.

மே மாதத்துப் பெண்கள்

சண்டையும் கவலையுமாகவே போன செய்திகளுக்கு நடுவில், 2024 மே மாதம் தெயாஹுபோவிலிருந்து முற்றிலும் வேறொரு செய்தி வந்தது. பெண்களுக்கு இந்த அலை அபாயம் என்ற எண்ணம் பல காலம் அலைச்சறுக்கு உலகில் இருந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பெண்கள் தொடர் இங்கே எட்டிப்பார்க்கவில்லை. அந்த இடைவெளியில் ஒரு தலைமுறை வீராங்கனைகள் இந்த அலையைப் படத்தில் மட்டுமே பார்த்து வளர்ந்தார்கள். வாஹினே ஃபியரோவுக்கு அந்தக் கதி இல்லை. பாலினேசியாவின் ஹுவாஹினே தீவில் வளர்ந்த அவர், போட்டி இருக்கிறதோ இல்லையோ, தெயாஹுபோவில் ஏறிக்கொண்டே இருந்தார்.

மே மாதத் தொடரில் கடல் பெரிதாக எழுந்த நாளில் பெண்கள் ஏறியதைப் பார்த்தவர்கள் பழைய எண்ணத்தை மறந்துபோனார்கள். பிரேசிலின் தத்யானா வெஸ்டன்-வெப் ஒரு குழலிலிருந்து வெளியே வந்து பத்துக்குப் பத்து வாங்கினார். பட்டம், தொடரின் நிரந்தர வீராங்கனையாகக்கூட இல்லாமல் சிறப்பு அழைப்பில் வந்த ஃபியரோவுக்குப் போனது. ஒலிம்பிக்கில் அவர் மூன்றாவது சுற்றில் பிரான்சின் சக வீராங்கனை யோஹான் தெஃபேயிடம் தோற்றது ஊரை வாட்டியது. இருந்தாலும், இந்த அலை யாருக்கு உரியது என்ற கேள்விக்கு மே மாதமே பதில் வந்துவிட்டது.

பத்து நாள் உலகம்

ஜூலை 27 அன்று ஒலிம்பிக் தொடங்கியது. ஜூலை 29 அன்று பிரேசிலின் காப்ரியல் மெதினா 9.90 மதிப்பெண் வாங்கிய அலையின் முடிவில் பலகையோடு மேலே எழும்பி, ஒரு விரலை உயர்த்தினார். ஏஎஃப்பி படக்கலைஞர் ஜெரோம் ப்ரூயே படகிலிருந்து எடுத்த அந்தப் படத்தில் மெதினாவும் பலகையும் செங்குத்தாகக் காற்றில் நிற்கிறார்கள். அந்த ஒலிம்பிக்கில் அதிகம் பகிரப்பட்ட படங்களில் அது ஒன்று. இறுதி நாளில் ஒரு திமிங்கிலம் போட்டிப் பகுதிக்கு அருகே துள்ளி எழுந்தது. அதுவும் உலகம் சுற்றியது.

இந்தப் படங்களைச் சென்னையிலும் சாவோ பாவ்லோவிலும் பார்த்த அளவுக்கு ஊர்க்காரர்களால் நேரில் பார்க்க முடிந்ததா? இல்லை. கரையிலிருந்து அலை தூரம். காயலின் பெரும்பகுதி பாதுகாப்பு வளையத்துக்குள் போய்விட்டது. அனுமதி பெற்ற படகுகள் மட்டுமே உள்ளே. வழக்கமான உலகத் தொடரின்போது ஊரே படகேறி அலையின் ஓரத்தில் மிதந்துகொண்டு, ஒவ்வொரு குழலுக்கும் கூச்சல் போடும். அலைச்சறுக்குப் போட்டிகளில் பார்வையாளர் இவ்வளவு நெருக்கத்தில் இருக்கும் இடம் அரிது. ஒலிம்பிக்கில் அந்த உரிமை போனது. சொந்த அலையைப் பெரிய திரையில் பார்க்க வேண்டிவந்தது.

ஆகஸ்ட் 5. ஆண்கள் இறுதிப் போட்டி. ஒருபக்கம் ஆஸ்திரேலியாவின் ஜாக் ராபின்சன். மறுபக்கம் இருபத்திரண்டு வயது கவுலி வாஸ்ட். தஹித்தியில் பிறந்து, தெயாஹுபோவுக்குப் பக்கத்திலேயே வளர்ந்து, எட்டு வயதில் இந்த அலையில் முதன்முதலாக ஏறியவர். தொடக்க நிமிடங்களிலேயே இரண்டு நல்ல அலைகள் வந்தன. இரண்டையும் அவர் எடுத்தார்: 9.50, 8.17. அதற்குப்பின் கடல் அடங்கிப்போனது. ராபின்சன் காத்திருந்தார், அலை வரவில்லை. 17.67க்கு 7.83. பெண்கள் பிரிவில் அமெரிக்காவின் கரோலின் மார்க்ஸ், தத்யானா வெஸ்டன்-வெப்பை 10.50க்கு 10.33 என்று நூலிழையில் வென்றார். வெண்கலம் மெதினாவுக்கும் தெஃபேவுக்கும்.

வாஸ்டின் தங்கம் பதக்கப் பட்டியலில் பிரான்சின் கணக்கில் ஏறியது. கரையில் பறந்தவற்றில் சிவப்பு வெள்ளைப் பாலினேசியக் கொடிகளும் இருந்தன. எந்த அலை எங்கே நிற்கும், எது ஏமாற்றும் என்று சிறுவயதிலிருந்து அறிந்த ஒருவர் அந்த அறிவாலேயே உலகின் சிறந்த வீரர்களைத் தோற்கடித்தார். பார்ஜ் எங்கே தரைதட்டும் என்று முந்தைய ஆண்டு ஊர் சொன்னதும் இதே அறிவிலிருந்துதான். ஒன்றுக்குத் தங்கம் கொடுத்தார்கள். இன்னொன்றைக் காதில் போட்டுக்கொள்ள மறுத்தார்கள்.

மிச்சமிருப்பவை

ஒலிம்பிக் போய்விட்டது. கோபுரம் போகவில்லை. அலுமினியச் சட்டம் ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் பிரிக்கப்படுகிறது. அடித்தளம் மட்டும் பவளத்திட்டில் நிரந்தரமாக இருக்கிறது. 2025 ஆகஸ்டில் உலகத் தொடர் மீண்டும் தெயாஹுபோவுக்கு வந்தது. ஆண்களில் ஜாக் ராபின்சனும், பெண்களில் ஆஸ்திரேலியாவின் மோலி பிக்லமும் வென்றார்கள். ஓராண்டுக்கு முன் அதே இடத்தில் அலை வராமல் காத்திருந்து தோற்ற ராபின்சனுக்கு இந்த முறை கடல் கைகொடுத்தது. அலையின் வடிவம் கெடவில்லை என்பதில் ஊருக்குப் பெரிய நிம்மதி.

பவளத்தின் கதை அவ்வளவு சீக்கிரம் தெரியாது. கிளைவிடும் பவளம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வளரும். பாறைபோல் திரளும் வகை ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். 2023 டிசம்பரில் ஒரு பகலில் உடைந்தது மீள எத்தனை ஆண்டாகும் என்பதை வெப்பமடையும் கடலும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். சிகுவாத்தெராவும் அப்படித்தான், பவளம் செத்த மறுநாளே வரும் நோயல்ல.

ஊரின் பொருளாதாரத்தில் என்ன மாறும் என்பது நான் கவலையோடு பார்க்கும் கேள்வி. ஒலிம்பிக் படங்களில் அந்தப் பச்சை மலையையும் நீலக் காயலையும் பார்த்தவர்கள் கோடிக்கணக்கானோர். அதில் ஒரு சிறு பகுதியினர் நேரில் வர நினைத்தாலும், 1,500 பேர் வாழும், ஒற்றைச் சாலை உள்ள ஊருக்கு அது பெருங்கூட்டம். ஊரில் சிலருக்கு அது தேவையான வருமானம். வீட்டு அறையை வாடகைக்கு விட்டவர்களும், படகு ஓட்டியவர்களும், சமைத்துப் போட்டவர்களும் ஒலிம்பிக்கில் சம்பாதித்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. இன்னும் நிறைய பேர் வரட்டும் என்பவர்களும் அங்கே உண்டு. ஆனால் வெளியூர்ப் பணம் வந்து கடலோர நிலத்தை வாங்க ஆரம்பித்தால், அறை வாடகைக்கு விட்டவரின் பிள்ளைக்கே நாளை அந்த ஊரில் வீடு கட்ட இடம் இருக்காது. உலகின் பல அலைச்சறுக்கு ஊர்களில் இதுதான் நடந்திருக்கிறது. தெயாஹுபோவுக்கு இருக்கும் சாதகம், பெரிய விடுதி வேண்டாம், ஒலிம்பிக் குடியிருப்பு வேண்டாம் என்று ஒருமுறை உரக்கச் சொல்லி அதில் வென்றிருப்பது.

அந்த வெற்றியின் எதிரொலி ஊரைத் தாண்டியும் கேட்டது. 2025 ஜூனில் பிரான்சின் நீஸ் நகரில் நடந்த ஐ.நா. பெருங்கடல் மாநாட்டில், பிரெஞ்சு பாலினேசியாவின் கடற்பரப்பு முழுவதையும், ஏறத்தாழ 48 லட்சம் சதுர கிலோமீட்டரை, பாதுகாக்கப்பட்ட பகுதியாக்குவதாக ப்ரதர்சன் அறிவித்தார். உலகிலேயே மிகப் பெரிய கடல் பாதுகாப்புப் பகுதி அது. அதில் சுமார் 11 லட்சம் சதுர கிலோமீட்டரில் கடுமையான கட்டுப்பாடு. அதற்கு ஒரே காரணம் தெயாஹுபோ என்று சொன்னால் அது மிகை. ரஹுயி போன்ற மரபுகளும், பல தீவுகளின் நீண்ட கோரிக்கைகளும் அதன் பின்னால் இருக்கின்றன. ஆனால் ஒரு கோபுரத்துக்காகச் சொந்த மக்களிடம் சிக்கிக்கொண்ட அதே தலைவர், ஒன்றரை ஆண்டு கழித்து அந்த மேடையில் நின்றார் என்பது கவனிக்க வேண்டியது.

எஞ்சியிருக்கும் வேலைகள் தெளிவானவை. கட்டுமானத்துக்கு முன் எடுத்த முப்பரிமாணப் படத்தை அடிப்படையாக வைத்து அதே இடங்களை ஆண்டுதோறும் திரும்ப அளக்க வேண்டும். முடிவுகளைத் தஹித்தி மொழியிலும் வெளியிட வேண்டும். அந்தக் காயலில் மீன் பிடிக்கும் பெரியவர்கள் முதலில் அவற்றைப் படிக்க வேண்டும். மீனில் நச்சு இருக்கிறதா என்று தொடர்ந்து சோதிக்க வேண்டும். செலவைப் போட்டியால் பெயரும் பணமும் பெற்றவர்கள் ஏற்க வேண்டும். பவளத்திட்டில் அடுத்த துளை போட யார் நினைத்தாலும், கையெழுத்து பப்பீத்தேயிலோ பாரிஸிலோ விழுவதற்கு முன் தெயாஹுபோவின் ஊர்க்கூட்டத்தில் விழ வேண்டும். இதைச் சட்டமாக்குவது ப்ரதர்சன் அரசின் கையில் இருக்கிறது. ஊர்ச் சங்கம் இன்னும் கலையவில்லை.